பேரையும் வேலையையும் சேத்து எழுதுங்க: காடு, தண்ணி, விதை காத்த பொம்பளைங்கள கௌரவிக்கிறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாசம் பொறந்தாலே எங்களுக்கு போன் வர ஆரம்பிச்சிடும். சேர்வராயன் மலையடிவாரத்துல நாங்க கொஞ்சம் பேரு சேந்து, காடு ஏரி ஆறு விதை குப்பைன்னு ஏதோ ஒன்னுக்காக வருஷக்கணக்கா உழைச்ச பொம்பளைங்கள கூப்பிட்டு மரியாதை செய்றோம்ல, அத பத்தித்தான் எல்லாரும் கேக்குறாங்க, அதுவும் அதே கேள்விங்கதான் திரும்ப திரும்ப. ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருக்கிறதுக்கு ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பொறுமையா படிங்க.

மகளிர் தினம் மார்ச் 8 தானே, நீங்க ஏன் 22ம் தேதி வைக்கிறீங்க?

8ம் தேதி எல்லா ஆபீஸ்லயும் காலேஜ்லயும் விழா நடக்குது, நடக்கட்டும், நல்லதுதான். மார்ச் 22 உலக தண்ணீர் தினம், தமிழ்நாட்டுல அன்னிக்கு கிராம சபை கூடுற நாளு. வருஷத்துக்கு 6 கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபைல தீர்மான நோட்டு இருக்கும். ஒரு அம்மா இந்த ஏரிக்கு இன்ன வேலை செஞ்சாங்கன்னு ஊரு முன்னாடி வாசிச்சு அந்த நோட்டுல ஏத்திட்டா அது பத்து வருஷம் கழிச்சும் இருக்கும். மேடைல போடுற மாலை சாயங்காலமே வாடிடுது.

இன்னொரு காரணமும் இருக்கு. நாலு நாள் கழிச்சு வர்ற மார்ச் 26, 1974ல ரேணி கிராமத்துல சிப்கோன்னு மரத்த கட்டிப்பிடிச்சு காப்பாத்துன போராட்டம் நடந்த நாளு. இமயமலைல சமோலி மாவட்டம். மரம் வெட்ட கான்ட்ராக்டர் ஆளுங்க வந்த அன்னிக்கு ஊர் ஆம்பளைங்க யாரும் ஊர்ல இல்ல, நிலத்துக்கு நஷ்டஈடு தர்றோம்னு சொல்லி அவங்கள சமோலிக்கு வரச்சொல்லிட்டாங்க. ஒரு சின்ன பொண்ணு பாத்துட்டு ஓடிவந்து சொல்ல, கௌரா தேவின்னு ஒரு அம்மா, ஊர் மகளிர் மன்றத்தோட தலைவி, 27 பேர கூட்டிட்டு காட்டுக்கு போயிட்டாங்க. இந்த காடு எங்க தாய்வீடு, வெட்டணும்னா மொதல்ல எங்கள வெட்டுங்கன்னு மரத்த கட்டிக்கிட்டு நின்னாங்க. அங்க ஏலம் போன மரம் 2,451. ராத்திரி முழுக்க காவல் இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க நின்னவங்கள்ல கௌரா தேவி பேரு நமக்கு தெரியும். மத்தவங்க பேரு?

அது என்ன பொம்பளைங்களுக்கு மட்டும்? ஆம்பளைங்க வேலை செய்யலையா?

செஞ்சாங்க, செய்றாங்க, யாரு இல்லன்னா. ஆனா அவங்க பேரு ஏற்கனவே எழுதியாச்சு. நம்ம ஏற்காட்டையே எடுத்துக்கங்க. காபி எப்படி வந்துச்சுன்னு கேட்டா 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்தாருன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க. அந்த செடிய தண்ணி ஊத்தி காப்பாத்துனது, நிழல் மரத்தடில குனிஞ்சு குனிஞ்சு பழம் பறிச்சது, கூடைய முதுகுல சுமந்து சரிவுல ஏறுனது யாரு? இருநூறு வருஷமா அந்த வேலைய பாத்த பொம்பளைங்கள்ல ஒருத்தர் பேரு கூட உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

அப்புறம் தண்ணி. குழாய்ல காவேரி தண்ணி வரலன்னா மொதல்ல யாருக்கு தெரியும்? குடத்த வச்சுக்கிட்டு நிக்கிறவளுக்கு. கிணத்து தண்ணி நாத்தம் அடிக்குது, சோறு மஞ்சளாகுது, பருப்பு வேகமாட்டேங்குதுன்னு மொதல்ல சொல்றது அடுப்புகிட்ட நிக்கிறவங்கதான். லேப் ரிப்போர்ட் ரெண்டு மாசம் கழிச்சு அதையே சொல்லும்.

சுற்றுச்சூழல் நீதின்னா என்னங்க? பெரிய வார்த்தையா இருக்கே.

திருமணிமுத்தாற வச்சு சொல்றேன், சட்டுன்னு புரிஞ்சிடும். சேர்வராயன் மலைல பொறக்குற ஆறு அது. பேர்லயே மணியும் இருக்கு முத்தும் இருக்கு. மழை பெஞ்ச மறுநாள் மேல போய் பாருங்க, கல்லு மேல தண்ணி கண்ணாடி மாதிரி வழியும். அதே தண்ணி சேலம் டவுனுக்குள்ள வந்து வெளிய போறப்ப என்ன ஆயிடுது? சாக்கடை, சாயத்தண்ணி, பாலத்துக்கடில நுரை. உத்தமசோழபுரத்துல கரபுரநாதர் கோயில் இந்த ஆத்தங்கரைலதான் இருக்கு, வயசானவங்க இங்க குளிச்சிட்டுதான் சாமி கும்பிடுவோம்னு சொல்றாங்க, இன்னிக்கு கால் நனைக்க யோசிக்கணும். அங்கிருந்து நாமக்கல் பக்கம் போய் காவேரில கலக்குது.

சாயம் போட்ட துணி வித்த காசு ஒரு எடத்துக்கு போகுது, அந்த சாயத்தண்ணி வேற எடத்துக்கு போகுது. காசு வாங்காதவங்க வீட்டு கிணறு கெட்டுப்போகுது. இது சரியில்ல, கெடுத்தவங்க சரிபண்ணணும், கெட்டுப்போனவங்கள கேக்காம எதையும் முடிவு பண்ணக்கூடாதுன்னு சொல்றதுதான் சுற்றுச்சூழல் நீதி. காட்ட காப்பாத்துறது பாதுகாப்பு வேலை, அந்த காட்டுல குடியிருக்கிறவங்கள தொரத்தாம காப்பாத்துறது நீதி. ரெண்டும் சேந்துதான் வரணும்.

பிளாச்சிமடை தெரியும்ல, பாலக்காடு பக்கம், இங்கருந்து ரயில் ஏறுனா அரை நாள்ல போயிடலாம். அங்க கோகோ கோலா ஆலை வந்த பிறகு கிணத்து தண்ணி குடிக்க முடியாம போச்சு. மயிலம்மான்னு ஒரு பழங்குடி அம்மா, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவங்க, 2002 ஏப்ரல்ல ஆலை வாசல்ல பந்தல் போட்டு உக்காந்துட்டாங்க. 2004ல ஆலை நின்னுபோச்சு. 2007ல அந்தம்மா இறந்துட்டாங்க. தண்ணி கெட்டுதுன்னு அவங்களுக்கு சொல்லிக்கொடுக்க யாரும் வரல, அவங்க வீட்டு கிணறே சொல்லுச்சு.

நம்ம மலைல அப்படி என்ன செஞ்சுட்டாங்க? சும்மா பெருசா பேசுறீங்களோ?

இத கேட்டவர நான் மலைக்கு கூட்டிட்டு போனேன், கோவமெல்லாம் இல்ல, பாக்கட்டும்னுதான்.

ஏற்காடு லேக்கு, லேடீஸ் சீட்டு, கிளியூர் அருவின்னு டூரிஸ்ட் போற பக்கம் இல்ல, அதையும் தாண்டி உள்ள, மலையாளி சனங்க இருக்கிற ஊரு ஒன்னு. (வெளியூர்காரங்களுக்கு சொல்றேன், மலையாளின்னா கேரளாக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க, சேர்வராயன் கல்வராயன் கொல்லிமலை பக்கமெல்லாம் காலங்காலமா இருக்கிற, தமிழ் பேசுற பழங்குடி மக்கள் இவங்க.) அங்க ஒரு ஆயா வீட்டுல பரண் மேல சுரைக்குடுக்கை தொங்குது. இறக்கி வாய தெறந்தாங்க, சாணி போட்டு அடைச்சிருந்துச்சு, தட்டுனா உதிருது. உள்ள சாம்பல் கலந்த சாமை விதை, மேல காஞ்ச நொச்சி இலை. கைல கொஞ்சம் கொட்டி ஊதுனாங்க, சாம்பல் பறந்துபோச்சு, விதை மட்டும் உள்ளங்கைல நின்னுச்சு. இது எங்க மாமியார் கொடுத்தது, அவங்களுக்கு அவங்க மாமியார் கொடுத்ததுன்னுச்சு. எத்தன வருஷம் இருக்கும் ஆயான்னேன். அதெல்லாம் யாரு எண்ணுனா, ஒரு வருஷம் கூட விதைக்காம விட்டதில்ல, அவ்வளவுதான்னு திரும்ப மூட ஆரம்பிச்சிடுச்சு.

ரேஷன் அரிசி வந்த பிறகு சாமை யாருக்கும் வேணாம்னு ஆயிடுச்சு, விதைச்சா காசு வராது, உரல்ல குத்தி உமி எடுக்கவே ஒரு நாள் போயிடும். அப்பயும் ஒரு பாத்தி விட்டுடாம விதைச்சாங்க, விதை சாகக்கூடாதுன்னு. இன்னிக்கு டவுன்ல சிறுதானியம்னு பாக்கெட்டு போட்டு விக்கிறோம்ல, அந்த விதை இவங்க பரண்ல இருந்து வந்ததுதான். கூட வந்தவர் எறங்குற வரைக்கும் ஒன்னும் பேசல, பஸ் ஸ்டாண்டுல எறங்கி அந்தாயா பேரு என்னன்னு மட்டும் கேட்டாரு.

மலைக்கு கீழ வந்தா நூறு நாள் வேலை. சட்டம் சொல்றது மூணுல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும்னு, ஆனா நம்ம பக்கம் ஏரி வேலை நடக்கிற எடத்துல போய் நின்னு பாருங்க, முக்காவாசி அவங்கதான். வரத்து வாய்க்கால்ல மண்ணு எடுத்து சட்டில சுமந்து கரைல கொட்டுறாங்க. ஏரி நெறஞ்சா கல்வெட்டுல அவங்க பேரு வராது.

பெரிய ஆளுங்கள்ல யார பத்தி பிள்ளைங்களுக்கு சொல்லணும்?

மொதல்ல ஜானகி அம்மாள். 1897ல தலச்சேரில பொறந்தாங்க, அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டில 1931ல டாக்டர் பட்டம் வாங்குனாங்க, அந்த காலத்துல பொம்பளைங்க படிச்ச படிப்பு என்னன்னு நெனச்சு பாருங்க. நம்ம கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தாங்க, கரும்ப மத்த புல் வகைங்களோட கலந்து புது ரகம் உண்டாக்குற ஆராய்ச்சி. அப்புறம் இங்கிலாந்து போனாங்க, நேரு கூப்பிட்டு திரும்பி வந்து இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்த சீர்படுத்துற வேலைய எடுத்துக்கிட்டாங்க. ஏற்காட்டுல ஆர்க்கிட் தோட்டம் வச்சிருக்காங்கள்ல, அந்த நிறுவனம்தான். அடுத்த தடவை பிள்ளைங்கள அங்க கூட்டிட்டு போனா இவங்க கதைய சொல்லுங்க. 80 வயச தாண்டியும் கேரளாவுல இருக்கிற சைலண்ட் வேலி காட்ட அணைல மூழ்கடிக்கக்கூடாதுன்னு நின்னாங்க. 1984 பிப்ரவரில இறந்துட்டாங்க, அதே வருஷம் நவம்பர்ல அந்த காட்ட தேசிய பூங்கான்னு அறிவிச்சாங்க. ஒம்போது மாசம். எனக்கு இன்னமும் மனசு ஆறமாட்டேங்குது.

கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் அம்மாவ கட்டாயம் சொல்லணும். 1926ல பொறந்தவங்க. 1968ல தலித் கூலிக்காரங்கள குடிசையோட எரிச்ச கீழ்வெண்மணி கொடுமைக்கு அப்புறம் தஞ்சாவூர் பக்கம் போய் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, முக்கியமா பொம்பளைங்க பேர்ல, நிலம் வாங்கி குடுத்தாங்க, 1981ல அதுக்குன்னே லாஃப்டின்னு அமைப்பு ஆரம்பிச்சாங்க. 1990கள்ல நாகப்பட்டினம் கரைல எறால் பண்ணை வந்து நெல்லு வெளஞ்ச மண்ணெல்லாம் உப்பாகி, குடிதண்ணியும் கெட்டப்ப ஊர் பொம்பளைங்கள கூட்டிக்கிட்டு எதுத்து நின்னாங்க. 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு கடலோர பண்ணைங்களுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. அந்த கேஸ் அவங்க வீட்டுக்காரர் ஜெகநாதன் ஐயா பேர்ல இருக்கு, அவரும் கூடவே போராடுனவர்தான், அதுல தப்பு சொல்ல ஒன்னுமில்ல. ஆனா சட்டம் படிக்கிற பிள்ளைங்க அந்த கேஸ் பேர படிக்கிறப்ப பந்தல்ல உக்காந்திருந்த பொம்பளைங்க முகம் யாருக்கும் தெரியாது, அதனாலதான் நாம சொல்லிக்கிட்டே இருக்கணும்.

அஸ்ஸாம்ல பூர்ணிமா தேவி பர்மன், பெருநாரைய அபசகுனம்னு மரத்தோட வெட்டிக்கிட்டு இருந்த ஊர்ல, பொம்பளைங்கள ஒன்னு சேத்து அந்த பறவைக்கு வளைகாப்பு நடத்துற அளவுக்கு கொண்டாந்துட்டாங்க, 2022ல ஐநா விருது வாங்குனாங்க. போபால்ல ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா ரெண்டு பேரும் விஷவாயுல பாதிக்கப்பட்டவங்களுக்காக நின்னவங்க. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நூறு வயசுக்கு மேலயும் இயற்கை விவசாயம் பாத்து 2021ல பத்மஸ்ரீ வாங்குனாங்க.

மரக்கன்னு நட்டா போதாதா? அது ஈஸியா இருக்கே.

நடுறது ஒரு நாள் வேலை. காப்பாத்துறது மூணு வருஷ வேலை. கர்நாடகாவுல திம்மக்கா அம்மா குழந்தை இல்லன்னு ஊரு பேசுன பேச்சுக்கு நடுவுல வீட்டுக்காரரோட சேந்து ரோட்டோரம் 385 ஆலமரம் வளத்தாங்க, குடத்துல தண்ணி சுமந்து நாலு கிலோமீட்டர் நடந்து ஊத்துனாங்க, ஆடு மாடு கடிக்காம முள்ளு வேலி கட்டுனாங்க. கென்யால வங்காரி மாத்தாய் 1977ல ஆரம்பிச்ச பசுமை வளைய இயக்கத்துல, பொழச்ச கன்னுக்குத்தான் பொம்பளைங்களுக்கு சின்ன தொகை குடுத்தாங்க. அதுதான் கணக்கு. 2004ல நோபல் அமைதி பரிசு வந்துச்சு, ஆப்பிரிக்கால அந்த பரிசு வாங்குன மொத பொம்பள அவங்கதான். அதனால எங்ககிட்ட பேரு அனுப்புறப்ப எத்தன நட்டாங்கன்னு எழுதாதீங்க, எத்தன நிக்குதுன்னு எழுதுங்க.

தூய்மைப் பணியாளருக்கு எதுக்கு சுற்றுச்சூழல் மரியாதை? அது சம்பளத்துக்கு செய்யற வேலைதானே?

விஞ்ஞானியும் சம்பளத்துக்குதான் வேலை பாக்குறாங்க.

விடியக்காலம் அஞ்சரைக்கு எங்க தெருவுக்கு ஒரு அக்கா வர்றாங்க. நாம மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு பிரிக்காம ஒரே கவர்ல கட்டி குடுத்தத அவங்க ஓரமா உக்காந்து அவுத்து பிரிக்கிறாங்க. ஒரு நாள் கையுறைல பெருவிரல் பக்கம் கிழிஞ்சு விரல் வெளிய தெரிஞ்சுது, அந்த விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. என்னக்கான்னா, உடஞ்ச பல்ப சோத்தோட சேத்து கட்டி போட்டுட்டாங்க கண்ணு, பரவால்லன்னாங்க. எங்க தெரு குப்பை அது. அன்னிலேர்ந்து எங்க தெருல கண்ணாடிய தனியா பேப்பர்ல சுத்தி மேல எழுதி குடுக்குறோம். 2019 ஜனவரி 1லேர்ந்து ஒருதடவ யூஸ் பண்ற பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டுல தடை, மஞ்சப்பைய திரும்ப எடுக்கச்சொல்லி அரசே சொல்லுது, ஆனாலும் ஏரில போய் விழாம நிக்கிற பிளாஸ்டிக்கெல்லாம் இந்த கைங்க வழியாதான் நிக்குது.

எட்டு வழிச்சாலைக்கு எதிரா நின்ன அம்மாக்களையும் சேக்குறீங்களே, அரசியல் ஆயிடாதா?

ரொம்ப பேரு கேக்குற கேள்வி, தயங்கி தயங்கி கேக்குறாங்க. 2018ல சேலம் சென்னை பசுமை வழிச்சாலைன்னு 277 கிலோமீட்டருக்கு நிலம் எடுக்க வந்தப்ப வயசான அம்மாக்கள் சொந்த காட்டுல நட்ட அளவுக்கல்லு முன்னாடி விழுந்து அழுதத நாம எல்லாரும் டிவில பாத்தோம். 2019 ஏப்ரல் 8ல ஐகோர்ட்டு நிலம் எடுத்தது செல்லாதுன்னுச்சு, 2020 டிசம்பர் 8ல சுப்ரீம் கோர்ட்டு அத பெரும்பாலும் மாத்தி, நிலம் எடுக்குற அறிவிப்பு செல்லும்னுச்சு. ரோடு வேணும்னு நெனக்கிறவங்க எங்க கூட்டத்துலயே இருக்காங்க, அவங்களோட நான் சண்டை போடுறதில்ல. ஆனா தன் கிணத்தையும் தென்னையையும் காப்பாத்த போலீஸ் முன்னாடி நின்ன ஒரு அம்மாவோட தைரியத்துக்கு கட்சி கிடையாது. மரம் நட்டவங்களுக்கு மட்டும் மாலை, நட்ட மரத்துக்காக நின்னவங்களுக்கு கிடையாதுன்னு நாங்க பிரிக்க மாட்டோம்.

சரி, எப்படி கௌரவிக்கிறது? பொன்னாடை, ஷீல்டு, சர்டிபிகேட்டா?

மொத வருஷம் நாங்களும் அப்படித்தான் பண்ணோம். மேல சொன்ன சாமை ஆயாவ வரச்சொல்லி பொன்னாடை போத்தி கண்ணாடி ஷீல்டு ஒன்னு குடுத்தோம். எல்லாரும் கை தட்டுனாங்க. கீழ எறங்கி வந்து என் கைய பிடிச்சு, இத வச்சு நான் என்ன சாமி பண்றதுன்னு கேட்டுச்சு ஆயா. குறையா கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. அப்பதான் விசாரிச்சோம், அன்னிக்கு கூலி போச்சு, பஸ்ஸுக்கு சொந்த காசு, சாயங்காலம் கடைசி பஸ்ஸ விட்டுட்டா மலைக்கு போக வழியில்லன்னு பாதி கூட்டத்துல இருந்து அது மணியவே பாத்துக்கிட்டு இருந்துருக்கு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

இப்ப எப்படின்னா, மொதல்ல அவங்ககிட்டயே கேக்குறோம், உங்களுக்கு என்ன வேணும்னு. ஒருத்தர் விதை காயவைக்க தார்ப்பாய் கேட்டாங்க, ஒருத்தர் பேத்தி காலேஜ் பாரம் எழுத ஆள் கேட்டாங்க, இன்னொருத்தர் எங்க ஊர் ஓடைல கோழிக்கழிவு கொட்டுறாங்க அதுக்கு மனு எழுதி குடுங்க அது போதும்னாங்க. ஒரு நாள் கூலி, போக்குவரத்து செலவு நாங்க குடுத்துடுறோம், மதியமே முடிச்சிடுறோம். போட்டோ அவங்க சரின்னா மட்டும்தான். அப்புறம் அவங்க என்ன செஞ்சாங்கன்னு ஒரு பக்கம் எழுதி, அவங்களுக்கே வாசிச்சு காட்டி, தப்பிருந்தா திருத்தி, கிராம சபை நோட்டுல ஏத்துறோம்.

அரசு விருதுக்கு நாமளே பேரு அனுப்பலாமா?

தாராளமா. பத்ம விருதுக்கு யாரு வேணா பேரு பரிந்துரைக்கலாம், ஆன்லைன்லதான், 800 வார்த்தைக்குள்ள அவங்க வேலைய எழுதணும். தமிழ்நாடு அரசோட பசுமை சாம்பியன் விருது இருக்கு, 100 பேருக்கு தலா 1 லட்சம். மகளிர் தினத்துக்கு ஔவையார் விருது. கடைசி தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பாத்துக்கங்க.

விருத விட உரிமை முக்கியம்னு சொல்றீங்களே, என்ன உரிமை?

இதத்தான் எல்லாரும் மொதல்ல கேக்கணும். வன உரிமைச் சட்டம் 2006 படி குடுக்குற பட்டால கல்யாணம் ஆனவங்கன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் இருக்கணும். மலைல போய் பட்டாவ எடுத்து பாக்குறப்ப அந்த ரெண்டாவது பேரு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. அந்த சட்டத்துக்காக கூடுற கிராம சபைல வந்திருக்கிறவங்கள்ல மூணுல ஒருத்தராவது பொம்பளையா இருக்கணும். உள்ளாட்சில நமக்கு 50 சதவீதம் இடம் இருக்கு. அப்புறம் பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒவ்வொரு உள்ளாட்சிலயும் இருக்கணும், அதுலயும் மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க, அந்த குழுதான் ஊர்ல என்ன விதை இருக்கு என்ன மூலிகை இருக்குன்னு மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும். உங்க ஊர் பதிவேட்ட கேட்டு வாங்கி பாருங்க, குடுக்கலன்னா 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. அந்த சாமை விதை பேரு அதுல ஏறணும்.

ஆம்பளைங்க வரலாமா?

வாங்க. வந்து பந்தல் போடுங்க, சமையல பாத்துக்கங்க, பேசுறப்ப கேளுங்க.

என் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு எழுதணும்ங்கறா, யாரப் போய் பாக்குறது?

வீட்டுலயே ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஆயாகிட்ட உக்காந்து, சின்ன வயசுல தண்ணி எங்கருந்து எடுத்தீங்க, அந்த கிணறு இன்னிக்கு இருக்கா, ஏரில என்ன மீன் பிடிப்பாங்க, வெறகுக்கு போறப்ப எந்த மரத்த வெட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்க, ஏன்னு கேக்கச்சொல்லுங்க. போன வருஷம் ஏழாவது படிக்கிற பொண்ணு ஒன்னு எழுதிட்டு வந்துச்சு, அதோட ஆயா ஊர் கிணத்துல செருப்பு போட்டுக்கிட்டு யாரையும் எறங்க விடாதாம், வருஷத்துக்கு ஒருதரம் ஆள் வச்சு தூர் வார வைக்குமாம், அந்த காச கோழி வித்து குடுக்குமாம். இது வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்தாயாவ அந்த வருஷம் நாங்க கூப்பிட்டோம்.

பேரு அனுப்பணும்னா என்ன என்ன எழுதணும்?

அந்தம்மா பேரு முழுசா, யாரோட சம்சாரம்னு மட்டும் எழுதாதீங்க. எந்த ஊரு. என்ன வேலை, எத்தன வருஷமா. அத கண்ணால பாத்தவங்க ரெண்டு பேர். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் அனுப்புறீங்களான்னு ஒரு வரி. எழுத வரலன்னா போன்ல பேசி ஆடியோவா குடுங்க, நாங்க எழுதிக்கிறோம். பிப்ரவரி கடைசிக்குள்ள வந்துட்டா நல்லது, ஏன்னா ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நாங்க நேர்ல போய் பாத்துட்டுதான் எழுதுறோம், மலைமேல ஊருங்களுக்கு பஸ் ஒரு நாளைக்கு ரெண்டுதான்.